தொழில்நுட்பக் கிறுக்கின் அன்றாடம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திரையைப் பார்த்துத் தனியாகச் சிரிக்கும் ஒருவர் உங்கள் வீட்டிலோ அலுவலகத்திலோ இருந்தால், கீழே உள்ள கேள்விகளில் சிலவற்றை நீங்களும் கேட்டிருப்பீர்கள். கேட்பவர்கள் மாறுகிறார்கள், கேள்விகள் மாறுவதில்லை. அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

நாள் முழுவதும் கணினியில் வேலை. வேலை முடிந்த பிறகும் கணினியா?

ஆமாம். வேலை நேரத்தில் அது நான் சொன்னதைச் செய்தால் போதும். வேலை முடிந்ததும், அது ஏன் அப்படிச் செய்கிறது என்று பார்க்கத் தோன்றுகிறது. இரண்டுக்கும் ஒரே மேசை, ஒரே நாற்காலி என்பதால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரிவதில்லை.

ஒரு பொருள் இயங்குகிறது என்பதோடு திருப்தி அடையாமல் மூடியைத் திறந்து பார்க்கும் ஆட்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள். பார்த்ததைச் சும்மா வைத்துக்கொள்ளவும் அவர்களால் முடியாது. எழுதுகிறார்கள், வரைகிறார்கள், காணொளி எடுக்கிறார்கள், அதை வைத்துக் கேலி செய்கிறார்கள். இணையத்தில் எனக்குப் பிடித்த பகுதி முழுவதும் இவர்கள் உண்டாக்கியது.

இதையெல்லாம் ரசிக்க நிரல் எழுதத் தெரிய வேண்டுமா?

வேண்டியதில்லை. தெரிந்தால் சில நகைச்சுவைகள் ஒரு நொடி முன்னதாகப் புரியும், அவ்வளவுதான்.

காலையில் எழுந்ததும் முதலில் எதைப் பார்ப்பீர்கள்?

ஆர்எஸ்எஸ் ஓடையை. இது 1999-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிறந்த ஏற்பாடு. ஒரு தளத்தில் புதிதாக என்ன வந்திருக்கிறது என்பதை இயந்திரம் படிக்கும் வடிவில் ஒரு சிறிய கோப்பாக அந்தத் தளமே வைத்திருக்கும். ஓடை வாசிப்பான் என்ற செயலி, நான் கொடுத்த முகவரிகளுக்கெல்லாம் போய் அந்தக் கோப்புகளைப் பார்த்து, புதியவற்றை வரிசையாகக் காட்டும். நான் கேட்டவை மட்டும் வரும், வந்த வரிசையிலேயே நிற்கும். நடுவில் யாரும் புகுந்து 'இதுவும் உங்களுக்குப் பிடிக்கலாம்' என்று சொல்வதில்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, பட்டியல் ஒரு கட்டத்தில் தீர்ந்துபோவது. கடைசிப் பதிவையும் படித்துவிட்டால் திரை காலியாகிவிடும். சமூக ஊடகங்களில் அந்தக் காலித் திரையை நீங்கள் ஒருநாளும் காண முடியாது. முடிவே இல்லாத பக்கத்தை உருட்டிக்கொண்டிருக்கும்போது எழுந்து போவது நம் பொறுப்பாகிவிடுகிறது, காலை நேரத்தில் எனக்கு அவ்வளவு மன உறுதி கிடையாது.

ஆர்எஸ்எஸ் எப்போதோ செத்துவிட்டது என்றார்களே?

கூகுள் ரீடர் என்ற வாசிப்பான் 2013 ஜூலை 1-ஆம் தேதி மூடப்பட்டது. அன்றைக்கு எழுதப்பட்ட இரங்கல் கட்டுரைகளைத்தான் நீங்கள் படித்திருப்பீர்கள். மூடப்பட்டது ஒரு நிறுவனத்தின் ஒரு செயலி. ஓடை யாருடைய சொத்தும் அல்ல என்பதால் அதை மூட யாராலும் முடியாது. வேறு வாசிப்பான்கள் வந்தன, அந்த வேலை நடந்துகொண்டேயிருக்கிறது.

நீங்கள் பாட்காஸ்ட் கேட்பவரென்றால், பெயர் தெரியாமலே ஆர்எஸ்எஸ்ஸைப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறீர்கள். ஓடையில் எழுத்தோடு ஒலிக் கோப்பின் முகவரியையும் சேர்த்து அனுப்பலாம் என்ற ஏற்பாட்டிலிருந்துதான் பாட்காஸ்ட் கிளைத்தது. ஒரே நிகழ்ச்சியைப் பத்து வெவ்வேறு செயலிகளில் கேட்க முடிகிறதே, அது இதனால்தான். ஒரே ஒரு செயலியில் மட்டும் கிடைக்கும் நிகழ்ச்சியைப் பாட்காஸ்ட் என்று அழைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. சொன்னால் சண்டைக்கு வருவார்கள், இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

குச்சி மனிதர்களை வரைந்த அந்தப் படத்தில் சிரிக்க என்ன இருக்கிறது?

எக்ஸ்கேசிடியைச் சொல்கிறீர்கள். நாசாவுக்காக ரோபோக்களில் வேலை பார்த்த ராண்டல் மன்ரோ 2005-இல் தொடங்கிய வலைச்சித்திரம். வாரத்தில் திங்கள், புதன், வெள்ளி என மூன்று நாள் வரும். முகம்கூட வரையப்படாத குச்சி மனிதர்கள், இரண்டு மூன்று கட்டங்கள். எலிச்சுட்டியைப் படத்தின்மேல் நிறுத்தினால் இன்னொரு வாக்கியம் தோன்றும். பல நாட்களில் முதல் தரமான நகைச்சுவை அங்கேதான் ஒளிந்திருக்கும்.

ஒன்றை மட்டும் விளக்குகிறேன், ஏனென்றால் இதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். ஒரு தாய்க்குப் பள்ளியிலிருந்து தொலைபேசி அழைப்பு வருகிறது: உங்கள் பையனின் பெயரைப் பதிவு செய்தோம், இந்த ஆண்டின் மாணவர் பட்டியல் முழுவதும் அழிந்துவிட்டது. காரணம், அந்த அம்மா மகனுக்கு வைத்த பெயரின் நடுவில் ஒரு மேற்கோள் குறியும், அதைத் தொடர்ந்து 'மாணவர் அட்டவணையை நீக்கு' என்ற தரவுத்தளக் கட்டளையும் இருக்கின்றன. பயனர் தட்டச்சு செய்யும் எழுத்துகளைச் சோதிக்காமல் அப்படியே கட்டளைக்குள் ஒட்டும் நிரல்களில், பெயர் எங்கே முடிகிறது, கட்டளை எங்கே தொடங்குகிறது என்பது தரவுத்தளத்துக்குத் தெரியாது. நிஜ உலகில் எத்தனையோ தளங்கள் இந்த ஓட்டை வழியாகவே கொள்ளை போயிருக்கின்றன. பாதுகாப்பு வகுப்பில் ஒரு மணி நேரம் எடுக்க வேண்டிய பாடத்தை நாலு கட்டத்தில் முடித்துவிட்டார் மனிதர்.

இந்தத் தொடரின் 403-ஆம் சித்திரத்துக்கு அடுத்தது 405. நடுவில் உள்ள எண்ணுக்குப் போனால் 'பக்கம் கிடைக்கவில்லை' என்ற பிழைச் செய்திதான் வரும். அந்தப் பிழையின் எண் 404.

பொறியாளர்களின் நகைச்சுவை ஏன் இவ்வளவு வறட்சியாக இருக்கிறது?

வறட்சியே அதன் சுவை. சிரிக்காமல் சொல்ல வேண்டும், முடிந்தால் அரசு ஆவணம் போல எழுத வேண்டும்.

இணையம் எப்படி இயங்க வேண்டும் என்று வகுக்கும் ஆவணங்களுக்கு ஆர்எஃப்சி என்று பெயர். எண்ணிட்டு வெளியிடப்படுபவை, படித்தால் தூக்கம் வரும். ஏப்ரல் முதல் தேதியில் மட்டும் அவற்றோடு ஒன்றிரண்டு போலிகளும் வெளியாகும், அதே எழுத்துநடையில், அதே முகத்தோடு. 1990 ஏப்ரல் 1 அன்று வெளியான 1149-ஆம் எண் ஆவணம், இணையத் தரவைப் புறாக்களின் காலில் கட்டி அனுப்புவதற்கான நெறிமுறையை வகுக்கிறது. தாமதம் அதிகம், வேகம் குறைவு என்பதையெல்லாம் அது நேர்மையாக ஒத்துக்கொள்கிறது.

இதோடு நின்றிருந்தால் நல்ல கேலி என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். 2001 ஏப்ரலில் நார்வேயின் பெர்கன் நகரத்தில், லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தின் பயனர் குழுவினர் இதை உண்மையிலேயே செய்து பார்த்தார்கள். தரவுப் பொட்டலத்தைத் தாளில் அச்சிட்டு, புறாவின் காலில் சுற்றி, பறக்கவிட்டு, மறுமுனையில் வருடி எடுத்துக் கணினிக்குள் செலுத்தினார்கள். 9 பொட்டலங்கள் அனுப்பியதில் 4-க்குப் பதில் வந்தது. மிக விரைவாக வந்த பதிலுக்கே ஐம்பது நிமிடத்துக்கு மேல் ஆனது. இழப்பு விகிதம் 55 விழுக்காடு என்று வழக்கமான சோதனைக் கருவி அசராமல் அறிக்கை கொடுத்தது. அந்த அறிக்கையை எப்போது பார்த்தாலும் எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. கருவிக்குப் புறாவைப் பற்றி ஒன்றும் தெரியாது. தாமதமான இணைப்பு என்று மட்டும் நினைத்துக்கொண்டிருக்கிறது.

1998-இன் ஏப்ரல் போலி இன்னும் பிரபலம். காபிக் கூஜாக்களை இணையம் வழியாகக் கட்டுப்படுத்துவதற்கான நெறிமுறை அது. தேநீர்க் கூஜாவிடம் போய்க் காபி கேட்டால், அது 'நான் தேநீர்க் கூஜா' என்று 418-ஆம் எண் பிழையைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்கிறது. விளையாட்டுக்காகப் பல நிரலாளர்கள் இதை உண்மையான மென்பொருள்களில் சேர்த்துவிட்டார்கள். 2017-இல் இதை அகற்றிவிடலாம் என்று ஒரு யோசனை வந்தபோது எதிர்ப்பு பலமாகக் கிளம்பியது. இன்றைக்கு அந்த எண் வேறெந்தப் பயனுக்கும் கொடுக்கப்படாமல் அதிகாரப்பூர்வமாகவே ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. தரப்படுத்தும் குழுக்களுக்கும் இதயம் உண்டு.

மென்பொருளில் ரகசியங்களை ஒளித்து வைப்பார்களாமே, அது எதற்கு?

அது பெரும்பாலும் குறும்பு. முதலில் புகழ்பெற்ற ஒளிவு மட்டும் கோபத்தில் பிறந்தது. அட்டாரி நிறுவனம் 1970-களின் இறுதியில் விளையாட்டுகளை உருவாக்கியவர்களின் பெயரை எங்கும் போடுவதில்லை என்று வைத்திருந்தது. வாரன் ராபினெட் என்ற நிரலாளர், தான் உருவாக்கிய விளையாட்டில் ஒரு ரகசிய அறையை அமைத்து, அதற்குள் 'உருவாக்கியவர் வாரன் ராபினெட்' என்று எழுதி வைத்தார். கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரே ஒரு புள்ளியைக் கண்டுபிடித்து எடுத்துக்கொண்டு போனால்தான் அந்த அறைக்குள் நுழைய முடியும். அவர் வேலையை விட்டுப் போன பிறகு, ஒரு சிறுவன் அறையைக் கண்டுபிடித்து நிறுவனத்துக்குக் கடிதம் எழுதியபோதுதான் விஷயம் வெளிவந்தது. அதை நீக்கச் செலவாகும் என்று விட்டுவிட்டார்கள். பிறகு இதுபோன்ற ஒளிவுகளுக்கு ஈஸ்டர் முட்டை என்று பெயரே வந்துவிட்டது.

டூம் என்ற பழைய விளையாட்டை ஏன் எல்லாக் கருவியிலும் ஓட்டிப் பார்க்கிறார்கள்?

ஓடும் என்பதால். 1993 டிசம்பரில் வந்த விளையாட்டு, அதன் மூல நிரல், அதாவது நிரலாளர் எழுதிய வடிவம், 1997-இல் பொதுவெளியில் விடப்பட்டது. சி என்ற நிரல்மொழியில் எழுதப்பட்டது, கருவிக்குக் கருவி மாற்ற வேண்டிய பகுதிகள் குறைவு, இன்றைய அளவுகோலில் மிகக் குறைந்த நினைவகம் போதும். ஆகவே எந்தப் புதிய கருவி வந்தாலும், திரையும் ஒரு செயலகமும் இருந்துவிட்டால், 'இதில் டூம் ஓடுமா' என்பது முதல் கேள்வி. 2014-இல் பாதுகாப்பு ஆராய்ச்சியாளர் ஒருவர் கேனான் பிரிண்டரின் சிறிய திரையில் ஓட்டிக் காட்டினார். 2022-இல் டிராக்டரின் கட்டுப்பாட்டுத் திரையில் ஓடியது. 2025-இல் ஒரு பிடிஎஃப் கோப்புக்குள் ஓடியது.

இதில் ஒரு திருத்தமும் சொல்ல வேண்டும். கர்ப்பப் பரிசோதனைக் கருவியில் டூம் ஓடியது என்று 2020-இல் பரவிய செய்தியை இன்னமும் அனுப்புகிறார்கள். அதைச் செய்தவரே அப்போதே தெளிவாகச் சொல்லிவிட்டார்: கருவியின் செயலகம், திரை இரண்டையும் மாற்றித்தான் ஓட்டினார், மிஞ்சியது மேல்கூடு மட்டும். பிரிண்டர் வித்தை விளையாட்டுக்காகச் செய்தது போலத் தோன்றினாலும், அதன் நோக்கம் எச்சரிக்கை: வெளியாள் ஒருவர் வலைப்பின்னல் வழியாக நுழைந்து அதில் எந்த மென்பொருளை வேண்டுமானாலும் ஏற்றிவிட முடியும் என்று காட்டுவது. 'உங்கள் பிரிண்டர் பாதுகாப்பாக இல்லை' என்று அறிக்கை எழுதினால் யார் படிப்பார்கள்? டூம் ஓடினால் எல்லோரும் பார்ப்பார்கள்.

காணொளிகளில் அப்படி என்ன மணிக்கணக்காகப் பார்க்கிறீர்கள்?

மூன்று வகை. முதலாவது, பழுது பார்ப்பவை. துருப்பிடித்த பழைய கணினி, கசிந்துபோன மின்தேக்கி, பொறுமையான ஒரு கை. பேச்சு குறைவாக இருந்தால் இன்னும் நல்லது.

இரண்டாவது, விளையாட்டுகளை அதிவேகமாக முடிக்கும் ஸ்பீட்ரன். 1985-இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸை ஐந்து நிமிடத்துக்குள் முடித்துவிடுகிறார்கள். வேடிக்கை வேகத்தில் இல்லை. அந்த நொடிகளுக்குப் பின்னால் இருக்கும் ஆராய்ச்சியில் இருக்கிறது. அந்த விளையாட்டு, ஒரு கட்டம் முடிந்துவிட்டதா என்பதை 21 படச்சட்டங்களுக்கு ஒருமுறைதான் சோதித்து அடுத்ததற்குப் போகும். அதாவது கிட்டத்தட்ட மூன்றில் ஒரு நொடிக்கு ஒருமுறை. கட்டத்தின் முடிவில் இருக்கும் கொடிக்கம்பத்தை நீங்கள் பத்துச் சட்டம் முன்னதாகத் தொட்டாலும் அடுத்த சோதனை வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும், லாபம் பூச்சியம். ஆகவே ஒவ்வொரு கட்டத்திலும் சாதனை என்பது முந்தைய சோதனையைப் பிடிப்பது, இல்லையேல் ஒன்றுமில்லை. இது தெரிந்த பிறகு பார்த்தால் ஒரு சாதாரண ஓட்டத்திலும் கை வியர்க்கும். 2010-இலிருந்து நடக்கும் கேம்ஸ் டன் குவிக் என்ற தொடர் நேரலைகளில் இப்படி நாள்கணக்கில் விளையாடி, புற்றுநோய்த் தடுப்பு அறக்கட்டளைக்கும் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கும் நிதி திரட்டுகிறார்கள். தூக்கம் வராத இரவுகளுக்கு உகந்தது என்று சொல்லமாட்டேன், பிறகு தூக்கமே வராது.

மூன்றாவது, டெமோசீன். மிகச் சிறிய நிரலிலிருந்து இசையும் காட்சியும் பெருக வைக்கும் கலை. 64 கிலோபைட்டுக்குள் முழு அசைபடம் என்பது இங்கே ஒரு போட்டிப் பிரிவு. ஜெர்மன் குழு ஒன்று 2004-இல் முப்பரிமாணத் துப்பாக்கி விளையாட்டு ஒன்றை முழுவதுமாக 96 கிலோபைட்டில் அடக்கியது. உங்கள் கைப்பேசி எடுக்கும் ஒரு புகைப்படம் அதைப்போலப் பத்து மடங்குக்கு மேல் இருக்கும். சுவர் எப்படி இருக்கும் என்ற படத்தைக் கோப்பில் வைக்காமல், சுவரைத் தீட்டுவதற்கான கணக்கை மட்டும் வைத்து, ஓடும்போது அங்கேயே வரைந்துகொள்வதுதான் சூட்சுமம். பின்லாந்து 2020-இல் டெமோசீனைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது, மறு ஆண்டு ஜெர்மனியும் சேர்த்தது. வீட்டில் யாராவது 'இதெல்லாம் ஒரு கலையா' என்று கேட்டால் காட்டுவதற்கு அரசாங்கச் சான்று இருக்கிறது.

நீங்கள் ஏன் எல்லாவற்றையும் ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்க்கிறீர்கள்?

விளக்கவுரை, செய்தி, கருத்தரங்கப் பேச்சு ஆகியவற்றுக்கு மட்டும். இசையையும் பழுது பார்ப்பதையும் வேகப்படுத்திப் பார்ப்பவர்களோடு நான் பழகுவதில்லை.

எழுதும் கருவிக்காக ஐம்பது ஆண்டுகளாகச் சண்டை போடுகிறார்கள் என்பது உண்மையா?

ஏறத்தாழ உண்மை. விஐ, ஈமேக்ஸ் என்ற இரண்டு உரைத் தொகுப்பான்களும் 1976-இல் தோன்றியவை. எது சிறந்தது என்ற வாக்குவாதம் இன்னும் முடியவில்லை, முடிய வேண்டும் என்று யாருக்கும் விருப்பமும் இல்லை. விஐயின் வழித்தோன்றலான விம்முக்குள் போய் மாட்டிக்கொண்டு, எப்படி வெளியே வருவது என்று தெரியாமல் தவிப்பது ஒவ்வொரு நிரலாளருக்கும் நேர்வது. நிரலாளர்கள் கேள்வி கேட்டுப் பதில் பெறும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தில் இதற்கு வழி கேட்டு எழுதப்பட்ட கேள்வியை 2017-க்குள் பத்து லட்சம் தடவைக்கு மேல் பார்த்திருந்தார்கள். நான் எந்தக் கட்சி என்று சொல்லப்போவதில்லை. நான் எழுதியதைச் சேமித்துவிட்டு வெளியே வரத் தெரிந்தவன் என்பது மட்டும் போதும்.

தட்டச்சு செய்யும்போது அந்தச் சத்தம் அவசியமா?

சத்தம் விசையைப் பொறுத்தது. மெக்கானிக்கல் விசைப்பலகையில் ஒவ்வொரு விசைக்கும் கீழே தனித்தனியாக ஒரு சுவிட்ச் இருக்கிறது. செர்ரி நிறுவனத்தின் எம்எக்ஸ் வகையில் நிறத்தைப் பார்த்தே குணத்தைச் சொல்லிவிடலாம்: சிவப்பு தடையில்லாமல் இறங்கும், பழுப்பு பாதி வழியில் விரலுக்கு ஒரு சிறு தடங்கலைக் காட்டும், நீலம் தடங்கலோடு 'டக்' என்றும் சொல்லும். 1985-இல் ஐபிஎம் கொண்டுவந்த மாடல் எம் பலகையில் ஒவ்வொரு விசைக்கும் கீழே வளைந்து மடங்கும் ஒரு சுருள்வில் இருந்தது. அந்தப் பலகைகளில் பல இன்னும் பழுதில்லாமல் வேலை செய்கின்றன.

உங்கள் அறைத்தோழர் தூங்கும் நேரத்தில் நீலம் வேண்டாம். இது நட்புக்கான அறிவுரை.

இதற்கெல்லாம் நிறைய பணம் செலவாகுமா?

விசைப்பலகையைப் பற்றிப் படிப்பதோடு நிறுத்திக்கொண்டால் செலவு இல்லை. மேலே நான் சொன்னவற்றில் பெரும்பாலானவை இலவசம். கழித்துப் போடும் நிலையில் உள்ள கணினியில் லினக்ஸை நிறுவி அதற்கு இன்னும் சில ஆண்டுகள் உயிர் கொடுக்கலாம், அதைவிட மலிவான இன்பத்தை நான் அறியேன். வாங்கிக் குவிப்பதை இந்த ஆர்வத்தின் அடையாளமாக நினைப்பவர்கள் உண்டு. பெட்டியைப் பிரிக்கும் காணொளிகள் அவர்களுக்காக எடுக்கப்படுபவை. பெட்டியை அல்ல, கருவியையே பிரிப்பவரின் காணொளி கிடைக்கும்போது நான் ஏன் அதைப் பார்க்க வேண்டும்?

உங்கள் ஆட்களுக்கென்று பண்டிகைகள் உண்டா?

உண்டு. மார்ச் 14, கணிதத்தில் வரும் பை (π) எண்ணின் நாள். மாதத்தை முதலில் எழுதும் முறையில் 3.14 வருகிறது. சான் பிரான்சிஸ்கோவின் எக்ஸ்ப்ளோரடோரியம் என்ற அறிவியல் கூடத்தில் லாரி ஷா என்ற இயற்பியலாளர் 1988-இல் தொடங்கி வைத்தார். ஐன்ஸ்டைனின் பிறந்த நாளும் அதுவே.

எனக்கு இதைவிடப் பிடித்தவை, நாட்காட்டியில் இல்லாத தருணங்கள். யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்கள் 1970 ஜனவரி 1-லிருந்து கடந்த நொடிகளை எண்ணித்தான் நேரம் பார்க்கின்றன. 2009 பிப்ரவரி 13 அன்று, உலகப் பொது நேரப்படி இரவு 11 மணி 31 நிமிடம் 30 நொடிக்கு அந்த எண்ணிக்கை 1234567890 ஆனது. அதைப் பார்ப்பதற்காகவே பல இடங்களில் ஆட்கள் கூடித் திரையைப் பார்த்துக் கைதட்டினார்கள். அடுத்த பெரிய விழா 2033 மே 18, இருநூறு கோடி நிறையும் நாள். அதற்கு அடுத்தது விழா அல்ல. 32 பிட் இடத்தில் நேரத்தைக் குறித்துவைக்கும் பழைய மென்பொருள்களுக்கு 2038 ஜனவரி 19, அதிகாலை 3 மணி 14 நிமிடம் 7 நொடியோடு இடம் தீர்ந்துபோகும், அடுத்த நொடி அவை 1901-க்குப் போய்விடும். மாற்றும் வேலை நெடுங்காலமாக நடக்கிறது. எங்கேயாவது ஒரு மூலையில் மாற்றப்படாத இயந்திரம் ஒன்று இருக்கும் என்று பந்தயம் கட்டத் தயார்.

மூடப்பட்ட பழைய தளங்களைப் போய்ப் பார்ப்பதில் என்ன சுகம்?

இணையம் எல்லாவற்றையும் நினைவில் வைத்திருக்கும் என்று சொல்வார்கள். இல்லை. 1994-இல் தொடங்கி கோடிக்கணக்கான தனிமனிதப் பக்கங்களைத் தாங்கிய ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில் மூடப்பட்டது. மின்னும் நட்சத்திரங்கள், 'கட்டுமானத்தில் இருக்கிறது' என்ற பலகைகள், தாமாகவே ஒலிக்கத் தொடங்கும் இசை எல்லாம் போயின. ஆர்க்கைவ் டீம் என்ற தன்னார்வலர் குழு கடைசி நாட்களில் முடிந்தவரை பிரதி எடுத்து வைத்தது. அந்தப் பக்கங்களை நான் அழகு என்று சொல்லமாட்டேன். ஆனால் இரண்டு பக்கங்கள் ஒன்றுபோல் இருக்காது, இன்றைய தளங்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியுமா?

இன்டர்நெட் ஆர்க்கைவ் 1996-இலிருந்து வலைப்பக்கங்களைச் சேமித்துவருகிறது. அதன் வேபேக் மெஷினில் ஒரு தளத்தின் முகவரியையும் தேதியையும் கொடுத்தால் அன்றைய முகத்தைக் காட்டும். உலாவிக்குள் அசைபடங்களையும் விளையாட்டுகளையும் ஓட்டிய ஃபிளாஷ் மென்பொருளுக்கு 2020-இன் இறுதியில் ஆதரவு நிறுத்தப்பட்டபோது ஒரு தலைமுறையின் உலாவி விளையாட்டுகள் எல்லாம் உயிரிழந்திருக்க வேண்டியவை. ஃபிளாஷைப் போலவே நடந்து அதன் கோப்புகளை ஓட்டும் ரஃபிள் என்ற திறந்த மூல மென்பொருள் வந்ததால், அவற்றில் பலவற்றை இன்றைய உலாவியிலேயே விளையாட முடிகிறது.

இந்த வரலாற்றில் என் மனதுக்கு நெருக்கமானது ஒரு காபிக் கூஜா. 1991-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தில், கூஜாவில் காபி இருக்கிறதா என்று தெரியாமல் மாடி ஏறி ஏமாந்தவர்கள், அதன்மேல் ஒரு கேமராவைத் திருப்பி வைத்தார்கள். 128க்கு 128 புள்ளிகள் கொண்ட கறுப்பு வெள்ளைப் படம். 1993-இல் அதை வலையோடு இணைத்ததும், அந்தக் காபியை ஒருநாளும் குடிக்கப்போகாதவர்கள் உலகின் எல்லா மூலையிலிருந்தும் வந்து எட்டிப் பார்த்தார்கள். இணையத்தின் முதல் வெப்கேம் இப்படித்தான் அமைந்தது. 2001 ஆகஸ்டில் நிறுத்தினார்கள். பழுதான அந்தக் கூஜாவை ஜெர்மனியின் ஷ்பீகல் ஆன்லைன் 3,350 பவுண்டுக்கு ஏலத்தில் எடுத்தது.

வாயேஜர் பழுதானபோது உங்களுக்கு ஏன் அவ்வளவு கவலை?

1977-இல் ஏவப்பட்ட விண்கலம். 2023 நவம்பரில் வாயேஜர் 1 திடீரென்று பொருளற்ற தரவை அனுப்பத் தொடங்கியது. தூரம் 2,400 கோடி கிலோமீட்டர். ஒரு கட்டளை போய்ச் சேர இருபத்திரண்டரை மணி நேரம், பதில் வர இன்னொரு இருபத்திரண்டரை. நினைவகத்தில் ஒரே ஒரு சில்லு கெட்டுவிட்டது என்று பொறியாளர்கள் கண்டுபிடித்தார்கள். அதில் இருந்த நிரலை மொத்தமாக வேறிடத்துக்கு மாற்ற, அந்த அளவுக்கு இடம் எங்கும் இல்லை. ஆகவே துண்டு துண்டாக்கி, கிடைத்த இடுக்குகளில் செருகி, ஒன்றையொன்று தேடும் முகவரிகளை எல்லாம் திருத்தி எழுதினார்கள். 2024 ஏப்ரல் 18-இல் அனுப்பினார்கள். 20-ஆம் தேதி பதில் வந்தது, படிக்கக்கூடியதாக.

அன்றைக்கு நான் பார்த்த செய்தியோடைகளில் வேறு பேச்சே இல்லை. ஒருவரையொருவர் அறியாத ஆயிரக்கணக்கானோர் மாதக்கணக்காக ஒரு நினைவகச் சில்லைப் பற்றிக் கவலைப்பட்டுவிட்டு, ஒரே நாளில் நிம்மதி அடைந்தார்கள். கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் எல்லாம் ஒரே பத்தியில் வந்துவிடுமே?

வரும். விடை மட்டும் வேண்டிய நாளில் நானும் கேட்கிறேன். ஆனால் புறா ஆவணத்தின் சுருக்கத்தைப் படிப்பதால் எனக்கு என்ன லாபம்? அதன் பன்னிரண்டாவது வரியில் முகம் மாறாமல் சொல்லப்பட்ட கேலிதான் எனக்கு வேண்டும். யாரோ ஒருவர் வாரக்கணக்காகத் தலையை உடைத்துக்கொண்டு எழுதிய பிழைதிருத்தக் கதையில், அவர் போன தவறான வழிகளெல்லாம் சுருக்கத்தில் முதலில் காணாமல் போகும். நான் படிப்பதே அவற்றுக்காக.

நானும் தொடங்க வேண்டும் என்றால்?

ஒரு ஓடை வாசிப்பானை நிறுவுங்கள். உங்களுக்கு ஏற்கெனவே ஆர்வமுள்ள ஒன்றை, ரயிலோ பறவையோ எழுத்துருவோ எதுவாயினும், அதைப் பற்றி விடாமல் எழுதும் மூன்று நான்கு பேரைத் தேடிச் சேருங்கள். அவர்கள் யாரைச் சுட்டுகிறார்கள் என்று பார்த்து அடுத்தவரைச் சேருங்கள். சலித்தால் நீக்குங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஒரே வாரத்தில் நூறு தளங்களைச் சேர்ப்பவர்கள் அடுத்த வாரம் வாசிப்பானைத் திறக்கவே பயப்படுவார்கள்.

எல்லாம் சரி, எங்கள் வீட்டுப் பிரிண்டர் வேலை செய்யவில்லை. கொஞ்சம் வந்து பார்க்க முடியுமா?

இந்தக் கேள்விதான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் கேட்கப்படுவது. பிரிண்டரை நான் இகழ மாட்டேன், அதற்கு வரலாற்றில் இடம் உண்டு. 1980 வாக்கில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகச் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்துக்கு ஒரு புதிய லேசர் பிரிண்டர் வந்தது. அடிக்கடி தாள் சிக்கும். பழைய பிரிண்டரில் தாள் சிக்கினால் எல்லோருடைய திரைக்கும் செய்தி போகும்படி அங்கே நிரலாளராக இருந்த ரிச்சர்ட் ஸ்டால்மன் நிரலை மாற்றி வைத்திருந்தார். புதியதிலும் அதையே செய்ய மூல நிரலைக் கேட்டபோது, தர முடியாது என்றார்கள். அந்த எரிச்சல் அவருக்கு ஆறவே இல்லை. யாரும் மூல நிரலைப் பார்த்து மாற்றிக்கொள்ளக்கூடிய மென்பொருள்களை உருவாக்கும் குனு திட்டத்தை 1983 செப்டம்பரில் அறிவித்தார். இன்று லினக்ஸ் என்று நாம் நிறுவுவதில் பெரும்பாலும் அந்தத் திட்டத்தின் கருவிகளும் சேர்ந்தே வருகின்றன.

வருகிறேன். அதற்கு முன் ஒருமுறை அணைத்துவிட்டுப் போட்டுப் பாருங்கள். தாள் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.